டைபாய்டு என்று சொன்ன வீடு

'ஈரல்' என்ற சொல்லை அந்த வீட்டில் யாரும் வாய் திறந்து சொல்லக் கூடாது என்பது சொர்ணலட்சுமியின் உத்தரவு. சங்கரபாண்டியனை விருதுநகர் ஆஸ்பத்திரியில் சேர்த்த நாளிலிருந்து அந்த உத்தரவு அமலில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் ஆட்டு ஈரல் வாங்குவதுகூட நின்றுபோயிற்று. சமையலுக்கு நிற்கும் சோலையம்மாள் ஒருநாள் மறந்துபோய், "ஈரல் வாங்கலையாம்மா?" என்று கேட்டுவிட்டு வாங்கிய ஏச்சு, இன்னும் அவள் காதிலேயே இருக்கும்.

கேட்கிறவர்களிடமெல்லாம் டைபாய்டு என்று சொல்ல வேண்டும். ஹார்லிக்ஸும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு வந்தவர்களிடமும் அதையேதான் சொன்னார்கள். வந்தவர்களும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, தெருமுனை தாண்டியதும் வேறு பேசினார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கு ஒரு சாமர்த்தியம் வேண்டாமா? அதுவும் அந்த வீட்டில் இல்லை.

மறைக்க வேண்டிய காரணம் சிவகாசிக்கே தெரியும். சங்கரபாண்டியன் குடியை ஒழிப்பதற்கென்றே பிறந்தவர். அப்படித்தான் அவர் நினைத்திருந்தார். சொந்தச் சாதிக்காரர்கள் கூடி நடத்தும் உறவின்முறையின் மதுவிலக்குக் குழுவுக்கு அவர்தான் தலைவர். அவருடைய அச்சகத்தில் அடிக்கும் தினசரி காலண்டர் ஒவ்வொன்றின் பின்னட்டையிலும் குடியின் கேட்டைப் பற்றி நாலு வரி இருக்கும். பார் நடத்துகிறவன் யாராவது காலண்டர் ஆர்டர் கொடுக்க வந்தால் வாசலோடு திருப்பி அனுப்புவார். அனுப்பியதை நாலு பேரிடம் சொல்லாமல் அன்றைக்குச் சாப்பிட மாட்டார்.

அப்பேர்ப்பட்டவருக்கு ஈரலில் சீழ்க்கட்டி. குடிகாரன் சீக்கு என்று ஊர் முத்திரை குத்தி வைத்திருக்கிற சீக்கு.

பத்திரகாளியம்மனுக்கும் கேலி பேசத் தெரியும் போலிருக்கிறது என்று மருமகள் யோகேஸ்வரி நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்ததற்காக அவள் வருத்தப்படவும் இல்லை.

அவளுக்குக் காரணம் இருந்தது. அவள் அப்பா சண்முகவேல் விருதுநகரில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருந்தவர். குடிப்பார், அதை அவர் ஒளித்ததும் இல்லை. கல்யாணம் முடிந்த பிறகு அது தெரியவந்ததிலிருந்து இந்த வீட்டில் யோகேஸ்வரிக்குப் பெயர் 'குடிகாரன் மக'. மாமனார் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட நாளைக் கைவிரலில் எண்ணிவிடலாம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் குளிர் காய்ச்சலும் வலது விலாவில் வலியுமாக ஒரு மாதம் கிடந்து அப்பா செத்துப்போனார். "குடிச்ச ஈரல் அழுகத்தானே செய்யும், அதுக்கு என்ன வைத்தியம்?" என்று சங்கரபாண்டியன் துக்க வீட்டிலேயே சொன்னார். ஊரும் அதையே சொன்னது. யோகேஸ்வரியும் அதையே நம்பினாள்.

இப்போது அதே குளிர், அதே விலா வலி மாமனாருக்கு. முதலில் உடம்புச் சூடு என்று இளநீர் கொடுத்தார்கள். பிறகு டைபாய்டு என்று அவர்களாகவே முடிவு கட்டி மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள். கண் மேலே சொருகின பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஸ்கேனில் ஈரலுக்குள் ஆரஞ்சுப் பழம் அளவுக்குச் சீழ் நின்றது. டாக்டர் சுப்புலட்சுமி ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசியைச் செலுத்திச் சீழை உறிஞ்சி எடுத்தாள். நரம்பு வழியாக ஆன்ட்டிபயாடிக் ஏற்ற ஆரம்பித்தாள். காய்ச்சல் இறங்கியது.

காய்ச்சல் இறங்கியதும் சங்கரபாண்டியனுக்குத் திமிர் ஏறியது.

"இன்னைக்கு ஆடிப்பெருக்கு டாக்டர். நான் வீட்டுக்குப் போகணும்."

காலையில் ரவுண்ட்ஸ் வந்த சுப்புலட்சுமி, நாடி பார்த்துக்கொண்டிருந்த கையை விடாமலேயே கேட்டாள்: "எந்த ஆத்துக்குப் போறீங்க?"

அவள் வெளியூர்க்காரி. மற்ற ஊரில் ஆடிப்பெருக்கு என்றால் ஆறு. சிவகாசியில் ஆறேது, தண்ணீரேது? இங்கே ஆடிப்பெருக்கு என்றால் ஆல்பம். அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகளையெல்லாம் சேர்த்துத் தைத்த ஆல்பத்தை அன்றைக்குத்தான் பூஜை போட்டு வெளியிடுவார்கள். ஏஜெண்டுகள் ஊர் ஊராக வந்து முதலாளி கையால் ஆல்பம் வாங்கிப் போவார்கள். அதைக் கடை கடையாகக் காட்டித்தான் ஆர்டர் பிடிக்க வேண்டும். முதலாளி கையால் வாங்காத ஆல்பத்துக்கு ராசி இல்லை என்று ஒரு பேச்சு.

"ரெண்டு நாளா காய்ச்சல் இல்ல. சீழையும் எடுத்துட்டீக. பெறகு எதுக்கு என்னைய இங்கன படுக்கப் போட்டிருக்கீக? மாத்திரை எழுதிக் குடுங்க, வீட்டுல இருந்து தின்னுக்கிறேன்" என்றார் சங்கரபாண்டியன்.

"சீழைத்தான் எடுத்திருக்கு. கிருமி உள்ளேயே இருக்கு. மருந்து நிக்காம ரத்தத்துல ஏறணும், அப்பதான் அது சாகும். இப்ப விட்டா மறுபடி சீழ் கட்டும். கிருமி ரத்தத்துல பரவினா என் கையில ஒண்ணும் இல்ல."

"நான் வாழ்க்கையில ஒரு சொட்டுக் குடிச்சவன் இல்ல. என் உடம்பு சீக்கிரம் தேறிரும்."

"அதைக் கிருமிகிட்ட சொல்லுங்க" என்றாள் சுப்புலட்சுமி.

யோகேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயைத் துடைப்பதுபோல் மறைத்துக்கொண்டாள்.

டாக்டர் அவளைப் பார்த்துச் சொன்னாள்: "இவருக்கு எப்படி வந்ததுன்னு நேத்தே சொன்னேன். சர்க்கரை எக்கச்சக்கமா ஏறியிருக்கு, அதைப் பாக்கவே இல்ல. பித்தப்பையில கல்லும் இருக்கு. அங்கிருந்துதான் கிருமி ஈரலுக்கு ஏறியிருக்கு. எடுத்த சீழைக் கல்ச்சருக்கு அனுப்பியிருக்கோம். என்ன கிருமி, எந்த ஆன்ட்டிபயாடிக் குடுத்தா சாகும்னு இன்னைக்குத் தெரிஞ்சுரும். அது வரைக்குமாவது இருங்க."

சங்கரபாண்டியன் இருக்கவில்லை. சொந்தப் பொறுப்பில் போகிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார். சாயங்கால மருந்துக்குத் திரும்பி வந்துவிடுவதாக ஒரு பேச்சுக்குச் சொன்னார். அதனால் முன்கையில் குத்தியிருந்த ஊசியை எடுக்காமல் பிளாஸ்திரி சுற்றி அனுப்பினார்கள்.

மகன் தருண்குமார் செல்போனை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனான். "என் நம்பரைக் குறிச்சுக்கோங்க டாக்டர்."

"உங்க நம்பர் வேண்டாம். உங்க மனைவி நம்பரைக் குடுங்க" என்றாள் அவள். ஒரு வாரமாக இந்தக் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் அல்லவா?

காரில் ஆமத்தூர் தாண்டியதும் சங்கரபாண்டியன் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். பிளாஸ்திரி வெளியே தெரியாமல் கஃப் பட்டனைத் தருண்குமார் மாட்டிவிட்டான்.

"ஏம்மா, ஏஜெண்டுக கேட்டா என்ன சொல்லணும்?" என்று மருமகளைக் கேட்டார்.

"டைபாய்டு, மாமா."

"ம். ஒங்கப்பன் சீக்குப் பேரு வாயில வந்துரக் கூடாது."

யோகேஸ்வரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இந்த மனிதருக்குத் தனக்கு வந்தும் தெரியவில்லை. உடம்புக்குள் சீழை வைத்துக்கொண்டு அடுத்தவன் அப்பனைப் பற்றிப் பேச இவருக்கு மட்டும்தான் முடியும் என்று நினைத்தாள்.

அச்சக மாடி ஹாலில் வாழை கட்டி, சீரியல் பல்பு போட்டிருந்தார்கள். ஏஜெண்டுகள் நாற்காலிகளை நிறைத்து உட்கார்ந்திருந்தார்கள். சொர்ணலட்சுமி பட்டுச்சேலை சரசரக்க வந்து புருஷன் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "மொகம் இப்படி மஞ்சளா இருக்கே, கொஞ்சம் பவுடர் போட்டா என்ன?"

போட்டாள். பவுடர் பூசிய முகத்தோடு பட்டுத்துண்டு போர்த்தி அவரை நடு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கொலுவில் வைத்த செட்டியார் பொம்மைக்கு இதைவிட உயிர்க்களை இருக்கும்.

பூஜை முடிந்தது. வெள்ளித் தட்டில் ஆல்பங்களை அடுக்கி வைத்தார்கள். பக்கத்திலேயே சர்க்கரைப் பொங்கல். டாக்டர் இனிப்பே கூடாது என்று சொல்லியிருந்தாள். "சாமி பிரசாதத்துல என்ன சர்க்கரை?" என்று சொர்ணலட்சுமி ஒரு கரண்டி எடுத்துக் கொடுத்தாள். அவரும் தின்றார்.

முதல் ஆல்பத்தை வாங்க வந்தவர் கோவில்பட்டி ஏஜெண்ட் லட்சுமிகாந்தம். முப்பது வருஷப் பழக்கம். வாய் மட்டும் சர்க்கரை, கண் எப்போதும் அடுத்தவன் ஓட்டையைத் தேடும்.

"அண்ணாச்சி, ரொம்ப எளைச்சுப் போனீகளே. டைபாய்டாமே?"

"ஆமா லட்சுமிகாந்தம். தண்ணி ஒத்துக்கல."

"தண்ணியா?" என்று லட்சுமிகாந்தம் நிறுத்தினார். பின்னால் இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். "என் மச்சினனுக்கும் டைபாய்டு வந்துச்சு அண்ணாச்சி. ஆனா அவன் இப்படி வலது விலாவைப் பிடிச்சுக்கிட்டு உக்காரல."

சங்கரபாண்டியன் விலாவிலிருந்து கையை எடுத்தார். எடுத்த கையை என்ன செய்வது என்று தெரியாமல் ஆல்பத்தின் மேல் வைத்தார்.

அந்த நேரத்தில் யோகேஸ்வரியின் செல்போன் அடித்தது. மாடிப்படிக்கு வந்து எடுத்தாள்.

"சுப்புலட்சுமி பேசறேன். கல்ச்சர் வந்துருச்சு. நாம இதுவரைக்கும் போட்ட ஆன்ட்டிபயாடிக் இந்தக் கிருமிக்குக் கேக்காது. சீழை எடுத்ததால ரெண்டு நாள் தாங்கியிருக்காரு, அவ்வளவுதான். வேற மருந்துக்கு மாத்தணும். உடனே கூட்டிட்டு வாங்க. குளிர் வருதான்னு பாருங்க."

யோகேஸ்வரி கதவு வழியாக எட்டிப் பார்த்தாள். மூன்றாவது ஏஜெண்ட் ஆல்பம் வாங்கிக்கொண்டிருந்தார். கொடுக்கிற கை நடுங்கியது. தாடை தடதடவென்று அடித்துக்கொள்ளாமல் இருக்க அவர் பல்லைக் கடித்திருந்தார்.

"வந்துருச்சு டாக்டர்."

"அப்ப ஒரு நிமிஷம்கூட நிக்காதீங்க. சாயங்காலம் வரைக்கும் அங்கேயே வச்சிருந்தா ராத்திரிக்கு ஆளு இருக்க மாட்டாரு."

தருண்குமார் தாம்பூலப் பைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். அவனைத் தனியாக இழுத்துச் சொன்னாள்.

"இப்பவா? ஆல்பம் குடுத்துக்கிட்டிருக்காகளே" என்றான்.

"ஏங்க, உயிர் போயிரும்னு டாக்டர் சொல்றாங்க."

"அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்."

தருண்குமார் எதையும் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுத்தான் செய்வான். தாலி கட்டும்போதே அம்மா தலையசைத்த பிறகுதான் மூன்றாவது முடிச்சைப் போட்டான். யோகேஸ்வரிக்கு இன்று அவன் மேல் கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கும் எதிரில் ஒரு ஆள் வேண்டும்.

அவளே மாமியாரிடம் போனாள். சொர்ணலட்சுமி முகத்தில் சிரிப்பை அப்படியே வைத்துக்கொண்டு பல்லிடுக்கில் பேசினாள்.

"ஏத்தா, வாய மூடு. பாதியில எந்திருச்சுப் போனா ஊரு என்ன பேசும்? ஏசியை அமத்தச் சொல்லு, குளுரு நிக்கும்."

"அத்தை, இது ஏசிக் குளுரு இல்ல."

"எனக்குத் தெரியாதாக்கும். ஒங்க வீட்டுல பாத்த சீக்கை எல்லாம் இங்க கொண்டாராத."

யோகேஸ்வரி நேரே மாமனாரிடம் போய் அவர் காதருகே குனிந்தாள். டாக்டர் சொன்னதைச் சொன்னாள்.

சங்கரபாண்டியன் திரும்பாமலே பேசினார். வார்த்தைகள் பல்லில் தட்டித் தட்டி வந்தன. "குடிகாரன் மக... எனக்கு வைத்தியம் சொல்ல வந்துட்டியோ? அங்கிட்டுப் போ."

அவள் நிமிர்ந்தாள். போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. உள்ளே போய் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து ஒரு டம்ளர் மோர் குடிக்கலாம். கேட்டால், நான் சொன்னேன், யாரும் கேட்கவில்லை என்று சொல்லலாம். அது உண்மையும்கூட. இந்த மனிதரின் வாய் ஒரேயடியாக மூடிக்கொண்டால் உலகத்துக்கு என்ன நஷ்டம்?

ஆனால் அந்த நடுக்கத்தை அவள் முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறாள். அப்பாவின் கட்டிலோரத்தில் உட்கார்ந்து, அவருக்குக் கம்பளிக்கு மேல் கம்பளியாகப் போர்த்திவிட்டுக்கொண்டு, குடித்ததற்குப் படட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டவள் அவள்தான். இன்னொரு மனிதன் நடுங்குவதை அப்படி வேடிக்கை பார்க்க அவளால் முடியவில்லை. இவர் மேல் பாசம் ஒன்றும் பொங்கிவிடவில்லை. தன் மேலேயே வந்த அருவருப்புத்தான்.

மைக்கை எடுத்தாள்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. மாமாவுக்கு டைபாய்டு இல்ல. ஈரல்ல சீழ்க்கட்டி."

சொர்ணலட்சுமியின் சிரிப்பு முகத்திலிருந்து இறங்க இடம் தெரியாமல் அங்கேயே நின்றது.

லட்சுமிகாந்தத்தின் முகம் மலர்ந்தது. "ஈரல்லயா? நம்ம அண்ணாச்சிக்கா?"

"ஆமா, நம்ம அண்ணாச்சிக்குத்தான். குடிச்சு வந்ததில்ல. சர்க்கரையும் பித்தப்பைக் கல்லும் இருந்திருக்கு, அதுல கிருமி ஏறிச் சீழ் கட்டியிருக்கு. குடிக்காதவுகளுக்கும் வரும், ஒங்களுக்கும் வரும். இப்ப உடனே மருந்து ஏத்தணும். நீங்க வழி விட்டீகன்னா அடுத்த ஆடிக்கும் அண்ணாச்சி கையால ஆல்பம் வாங்கலாம். மிச்ச கதையை அவரு போன பெறகு பேசிக்கிடுங்க."

லட்சுமிகாந்தம்தான் முதலில் நாற்காலியை நகர்த்தி வழி விட்டார். மிச்ச கதையைச் சீக்கிரம் பேச வேண்டுமே என்ற அவசரம் அவருக்கு.

நாலு பேர் நாற்காலியோடு தூக்கிச் சங்கரபாண்டியனைக் காரில் ஏற்றினார்கள். தருண்குமார் ஓட்டினான். பின்சீட்டில் அவர் தலையை மடியில் தாங்கிக்கொண்டு யோகேஸ்வரி உட்கார்ந்தாள். பந்தி பாதியில் நிற்கக் கூடாதென்று சொர்ணலட்சுமி அச்சகத்திலேயே நின்றுவிட்டாள். வந்தவர்களுக்கு இலை போட வேண்டுமே.

திருத்தங்கல் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. முன்னால் ஃபேக்டரி வேன் ஒன்று நின்றது. அரை நாள் பட்டாசு வேலை முடிந்து வீடு திரும்பும் பெண்கள் அதன் ஜன்னல் வழியாகக் காரை எட்டிப் பார்த்தார்கள். மடியில் கிடந்த உடம்பு கார் முழுவதும் அதிருகிற மாதிரி நடுங்கியது. அவருடைய பட்டுத்துண்டையும் தன் முந்தானையையும் சேர்த்துப் போர்த்தினாள்.

"மானத்தை... வாங்கிட்டியே" என்றார்.

"மானம் எங்கயும் போகாது மாமா. மூச்சை நல்லா இழுத்து விடுங்க."

தருண்குமார் கண்ணாடியில் பார்த்தான். "ஏன் யோகேஸ்வரி, இதை மைக்குலதான் சொல்லணுமா? அப்பாகிட்ட மெதுவா..."

"கேட்டைத் தொறந்துட்டாக. வண்டியை எடுங்க."

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் வாசலிலேயே தயாராக நின்றது. சட்டைக் கையைக் கத்தரித்து, சங்கரபாண்டியன் அவ்வளவு பாடுபட்டு மறைத்த ஊசி வழியாகவே புது ஆன்ட்டிபயாடிக்கை ஏற்றினார்கள். ரத்த அழுத்தம் தரைக்கு இறங்கியிருந்தது. இரண்டு கையிலும் பாட்டில் ஓடியது. மறுபடியும் ஸ்கேன் எடுத்தார்கள். பழைய இடத்திலேயே சீழ் மீண்டும் கொஞ்சம் சேர்ந்திருந்தது. இந்த முறை மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே வைத்து, அது தானாக வடியும்படி பையில் இணைத்துவிட்டார்கள்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் டாக்டர் சுப்புலட்சுமி வெளியே வந்தாள்.

"அழுத்தம் ஏற ஆரம்பிச்சிருக்கு. நல்ல நேரத்துல கொண்டு வந்தீங்க. இனிமே இவரு என்ன சொன்னாலும் வாரக்கணக்குல மருந்து போகணும். காய்ச்சல் நின்னதும் பாதியில விடற கதையே கூடாது."

யோகேஸ்வரி தலையாட்டினாள். டாக்டர் நகரப் போனபோது கூப்பிட்டாள்.

"டாக்டர், எங்கப்பா குடிப்பாரு. அவருக்கும் இதே மாதிரி குளுரு காய்ச்சல், இதே வலது பக்க வலி. ஒரு மாசம் கெடந்து செத்துட்டாரு. அது குடியால வந்ததுதானே?"

அவளுக்கு ஆமாம் என்ற பதில் வேண்டியிருந்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டால் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கலாம்.

"ஸ்கேன் எடுத்தாங்களா?"

"எனக்குத் தெரியல. நான் சிவகாசியில இருந்தேன், இடையில வந்து வந்து பாத்ததுதான்."

சுப்புலட்சுமி திரும்பி வந்து அவள் எதிரில் நின்றாள். "பாக்காம உறுதியா சொல்ல முடியாதும்மா. ஆனா குளிர் காய்ச்சலும் அந்த வலியும்னா, இதே சீழ்க்கட்டியா இருந்திருக்கலாம். குடிக்கிறவருக்கும் வரும், குடிக்காதவருக்கும் வரும். யாருக்கு வந்தாலும் சீழை எடுத்து, சரியான ஆன்ட்டிபயாடிக் போட்டா பெரும்பாலும் பிழைச்சுக்குவாங்க."

பிழைத்துக்கொள்வார்கள். அவ்வளவு சாதாரணமாக அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த அறைக்குப் போனாள். யோகேஸ்வரி சுவரில் சாய்ந்துகொண்டாள். ஊர் சொன்னது, மாமனார் சொன்னார், பெற்ற மகளும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தாள். ஊரை இகழலாம், மாமனாரை இகழலாம். இந்தப் பெற்ற மகளை எந்த வார்த்தையால் ஏசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அழுகை வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

முகத்தைக் கழுவிக்கொண்டு அறைக்குள் போனபோது நடுக்கம் நின்றிருந்தது. சங்கரபாண்டியன் கண்ணைத் திறந்து படுத்திருந்தார். பவுடர் வேர்வையில் கரைந்து கழுத்தில் கோடுகோடாக இறங்கியிருந்தது. தருண்குமார் கீழே காப்பி வாங்கப் போயிருந்தான்.

"வாசல்ல டாக்டர்கிட்ட என்ன கேட்டுக்கிட்டிருந்த?"

"எங்கப்பாவைப் பத்தி."

அவர் மேலே ஃபேனைப் பார்த்தார். வழக்கமான சொல் ஒன்று வரப் போகிறது என்று யோகேஸ்வரி காத்திருந்தாள். இந்த முறை வந்தால் பதில் சொல்லிவிடுவது என்று நினைத்திருந்தாள்.

"ஸ்கேன் எடுத்தாக" என்றார்.

"யாருக்கு?"

"சண்முகவேலுக்கு. அவரைப் பாத்த டாக்டரு நம்ம உறவின்முறை ஆளு. எனக்குத்தான் போன் பண்ணுனாரு. ஈரல்ல சீழ் கட்டியிருக்கு, மதுரைக்குக் கூட்டிட்டுப் போயி எடுத்தா பொழைச்சுருவாருன்னு சொன்னாரு."

யோகேஸ்வரியின் கை கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டது. "நீங்க என்ன சொன்னீக?"

"நாங்க பாத்துக்கிறோம்னு சொல்லி வச்சுட்டேன்." உதட்டை நனைத்துக்கொண்டார். "என்னைய மதுவிலக்குக் குழுவுக்குத் தலைவராப் போட்ட மாசம் அது. என் சம்பந்தி ஈரல் சீக்குல மதுரையில கெடக்கான்னு ஊரு சிரிக்குமேன்னு... குடிகாரந்தானே, இன்னைக்கு இல்லைன்னா நாளைக்குன்னு..."

மேலே சொல்ல அவருக்கு மூச்சு போதவில்லை. யோகேஸ்வரிக்கும் கேட்கத் தெம்பு இல்லை. அப்பா கடைசி வாரத்தில், "மதுரையில பெரிய டாக்டருக இருக்காகளாம் தாயி" என்று ஒருநாள் சொன்னது மட்டும் நினைவுக்கு வந்தது. ஜுரத்தில் பிதற்றுகிறார் என்று நினைத்திருந்தாள்.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

சங்கரபாண்டியன் கதவைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "போன் வந்தப்ப தருண் பக்கத்துலதான் இருந்தான்."

வலது கைப் பக்கத்துப் பாட்டிலில் மருந்து கழுத்துக்கு இறங்கியிருந்தது. முடிவதற்கு முன்னால் கூப்பிடுங்கள் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். யோகேஸ்வரி அந்தப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சொட்டு சொட்டாக இறங்கியது. அவர் கண்ணும் அங்கேதான் இருந்தது. அவள் என்ன செய்வாள் என்று அவருக்கும் தெரியவில்லை.

அவள் மணியை அழுத்தினாள்.

நர்ஸ் வந்து வேறு பாட்டில் மாட்டினாள். அவள் போனதும் யோகேஸ்வரி அவர் முகத்துக்கு நேராகக் குனிந்தாள். கல்யாணமாகி வந்த ஏழு வருஷத்தில் முதல் தடவையாக அவர் கண்ணைப் பார்த்துப் பேசினாள்.

"மருந்தை ஒழுங்கா ஏத்திக்கிட்டுப் பொழைச்சு எந்திரிங்க மாமா. செத்துத் தப்பிச்சுரலாம்னு மட்டும் நெனைக்காதீக."

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு தருண்குமார் உள்ளே வந்தான். ஒரு கையில் ஃபிளாஸ்க், ஒரு கையில் பன் பொட்டலம். அப்பாவின் நடுக்கம் நின்றதைப் பார்த்ததும் அவன் முகம் தெளிந்தது.

"முழிச்சுட்டாகளா? அப்பா ஏதாவது கேட்டாகளா?"

"கேக்கல" என்றாள் யோகேஸ்வரி. "சொன்னாக."